குரங்கு ஏன் நம்மைப் போல ஆகவில்லை?

“குரங்கிலிருந்துதானே மனுஷன் வந்தான்? அப்படின்னா இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் இன்னும் மனுஷனா மாறலே?”

மாணவர்களிடம் பரிணாமம் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் தேடி நாம் ஜவ்வாது மலைக்குப் போவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் படர்ந்து கிடக்கும் அந்த மலையில் இந்தக் கேள்விக்கு வேண்டிய சாட்சிகள் நிறைய இருக்கின்றன.

மலைமேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம்; 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1977 மார்ச் மாதம், யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 260 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் மெல்லிய வளையத்தை இந்த மலையில் உட்கார்ந்தபடி ஓர் உயிரினம் கண்டுகொண்டது. அதே மலைக்காட்டில் இன்னோர் உயிரினம், தலைமுடியை நடுவில் வகிடெடுத்துச் சீவியதுபோல் வைத்துக்கொண்டு, ஆலம்பழம் பறித்துக் கன்னப் பைக்குள் அடைத்துக்கொள்கிறது. அதுதான் நாட்டுக் குரங்கு. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம்.

முதலில் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்வோம். நாம் இந்தக் குரங்கிலிருந்து வரவில்லை. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அங்கே வழி பிரிந்தது. அதன்பிறகு நமக்கு எத்தனை காலம் கிடைத்ததோ, அதே அளவு காலம் குரங்குக்கும் கிடைத்தது. அது மனிதனாகும் வழியில் பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்தால், எல்லா உயிர்களும் நம்மை நோக்கி நடந்துவருவதாக ஆகிவிடும். பரிணாமத்துக்கு அப்படி ஓர் ஊருக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டாயமே கிடையாது. இருக்கும் இடத்தில் பிழைத்து, குட்டி போட்டு, அந்தக் குட்டியும் பிழைத்தால் போதும்.

பிழைக்கத் தேவையான புத்தி நாட்டுக் குரங்கிடம் தாராளமாக இருக்கிறது. சிறுத்தையைக் கண்ட கடமான் கத்தினால், மந்தி கத்தினால், அந்தக் குரலின் பொருள் புரிந்து மரமேறிவிடும். பந்திப்பூரில் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டதை 2018இல் எழுதினார்கள். கையில் தின்பண்டம் வைத்திருக்கும் ஆளைப் பார்த்துச் சில குரங்குகள் ‘கூ’ என்று மென்மையாகக் குரல் கொடுக்கின்றன. கையை நீட்டுகின்றன. அந்த ஆள் தன்னைக் கவனிக்கிறாரா என்று பார்க்கின்றன. தின்பண்டம் கைக்கு வந்ததும் நிறுத்திவிடுகின்றன. எதிரில் இருப்பவரின் கவனத்தைப் பிடித்து ஒன்றைக் கேட்டு வாங்குவது சின்ன வேலை இல்லை.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் புத்தி கூடியிருந்தால் நல்லதுதானே? எல்லா விலங்குக்கும் அது நல்லதுதானே?

இங்கேதான் செலவுக் கணக்கு குறுக்கே வருகிறது. மூளை பெரும் தீனிக்காரன். நம் உடல் எடையில் அது நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதுவும் பெரியவர்களுக்கு. நான்கைந்து வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு நூற்றுக்கு அறுபதைத் தாண்டிவிடும். அந்த வயதில் உடல் வளர்ச்சி மெதுவாகிவிடுவது ஏன் என்று 2014இல் ஓர் ஆய்வு பார்த்தது. சக்தியெல்லாம் மூளைக்குப் போய்விடுவதால் உடம்பு கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது என்பது அதன் முடிவு.

காட்டில் இப்படி ஒரு செலவை எந்த விலங்கு தாங்கும்? வறட்சியில் பழம் காய்க்காத ஆண்டில் பெரிய மூளைக்காரன்தான் முதலில் சாவான். கூடுதல் மூளையால் கிடைக்கும் லாபம், அதற்கு ஆகும் தீனியைவிட அதிகமாக இருந்தால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். பெரும்பாலான உயிர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. நாட்டுக் குரங்குக்கும் ஒத்துவரவில்லை.

நம் முன்னோருக்கு மட்டும் எப்படி ஒத்துவந்தது? அடுப்பைப் பாருங்கள். சிம்பன்சி ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் மென்றுகொண்டே இருக்கிறது. பச்சை இலையையும் நார் நிறைந்த காயையும் மென்று, செரித்து, சக்தி எடுக்க அவ்வளவு நேரம் வேண்டும். சமைத்த உணவு மெத்தென்று இருக்கும், சீக்கிரம் செரிக்கும், அதே கிழங்கிலிருந்து அதிகச் சக்தி கிடைக்கும். பெரிய மூளைக்குத் தீனி போட்டது நெருப்புதான் என்று ரிச்சர்ட் ராங்கம் என்ற அறிவியலாளர் வாதாடுகிறார். தென்னாப்பிரிக்காவின் வண்டர்வெர்க் குகைக்குள் பத்து லட்சம் ஆண்டுப் பழைய சாம்பலும் கருகிய எலும்பும் கிடைத்திருக்கின்றன. நெருப்பு முதலில் வந்ததா, மூளை முதலில் பெருத்ததா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் மூளை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. ஆப்பிரிக்க யானையின் மூளையில் 25,700 கோடி நரம்பு செல்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. நம்முடையதில் 8,600 கோடி. யானையின் செல்களில் மிகப் பெரும்பகுதி உடலசைவைச் சீர்செய்யும் சிறுமூளையில் இருக்கிறது. சிந்தனைக்கான பெருமூளையின் மேலுறையில் யானைக்கு 560 கோடி, நமக்கு 1,600 கோடி. சரி, விஷயம் முடிந்தது என்று நினைத்தால், டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த பைலட் திமிங்கிலம் வந்து நிற்கிறது. அதன் மேலுறையில் நம்மைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நரம்பு செல்கள் இருப்பதாக 2014இல் கணக்கிட்டார்கள்! ஆனால் அதற்குக் கை கிடையாது. தண்ணீருக்குள் நெருப்பு மூட்டவும் வழியில்லை. எட்டுக் கையுள்ள ஆக்டோபஸ் மூடியைத் திருகித் திறக்கும், ஒளிந்துகொள்ளச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு ஆயுள் இல்லை. பெரும்பாலான ஆக்டோபஸ்கள் ஓரிரண்டு ஆண்டுதான் வாழ்கின்றன. முட்டை பொரியும் சமயத்தில் தாய் செத்துப்போகிறது. தாய் கண்டுபிடித்ததைக் குஞ்சு தெரிந்துகொள்ளவே முடியாது. ஒவ்வொன்றும் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தத் தாய் ஆக்டோபஸை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதனிடம் இல்லாதது எது என்று நன்றாகப் புரிய வேண்டுமானால், மறுபடி ஜவ்வாது மலைக்கு வாருங்கள்.

இந்த மலையிலும் சுற்றுவட்டாரத்திலும் வழவழப்பான கற்கோடாரிகள் கிடைக்கின்றன. புதிய கற்கால மனிதர்கள் செய்தவை. மலைவாழ் மக்கள் சில ஊர்களில் அவற்றை மரத்தடியில் வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். மலைக்கு மேற்கே, திருப்பத்தூர் பக்கத்தில் உள்ள பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. 3,000 ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே குழி தோண்டிக் குடிசை போட்டு வாழ்ந்தவர்களின் கற்கோடாரிகள், கருகிப்போன கொள்ளு, பச்சைப்பயறு எல்லாம் கிடைத்தன.

அந்தக் கோடாரி ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை நீளம் இருக்கும். ஒரு முனை அகன்று, வெட்டுவாயாகக் கூர்ந்திருக்கும். மறுமுனை குறுகிக் கூம்பியிருக்கும். விரலால் தடவினால் எங்கும் தடுக்காது. இதைச் செய்தவர் முதலில் சரியான கருங்கல்லைத் தேடியிருக்கிறார். எல்லாக் கல்லும் உடைக்கிற வாக்கில் உடையாது. இன்னொரு கல்லால் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்த்து உருவம் கொண்டுவந்திருக்கிறார். மேடுகளைப் பொறுமையாகக் கொத்திச் சமப்படுத்தியிருக்கிறார். பிறகு மணலும் தண்ணீரும் விட்டுப் பாறைமேல் தேய், தேய் என்று தேய்த்திருக்கிறார். கடைசியில் அதற்குக் காம்பு போட வேண்டும். எந்த மரம் பிளக்காது, எப்படிக் கட்டினால் கழன்று பறக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வகுப்பிலேயே முதல் மாணவியைத் தனியாகக் காட்டில் விட்டு, யாரும் சொல்லித்தராமல் இதைச் செய்யச் சொன்னால் முடியுமா? வாழ்நாள் முழுக்க முயன்றாலும் கடினம். முதலில் ஒருவர் கல்லை உடைத்தார். அவர் பிள்ளை ஓரத்தைக் கூராக்கினாள். பல ஆயிரம் தலைமுறை கழித்து ஒருவர் தேய்த்துப் பார்த்தார். ஒவ்வொருவரும் முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். மனித அறிவில் தனிச் சிறப்பானது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தலையில் இருக்கிற அறிவைவிட, தலைக்குத் தலை மாறிச் சேர்ந்துகொண்டே வருகிற அறிவு.

குரங்குக் குட்டியும் தாயைப் பார்த்துக் கற்கிறது. ஆனால் தாய்க் குரங்கு குட்டியை உட்காரவைத்து, “அப்படி இல்லடா கண்ணு, இப்படிப் பிடி” என்று திருத்துவதில்லை. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. சாமையை உரலில் இடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அளவாகக் காயவில்லை என்றால் உமி பிரியாது. அதிகம் காய்ந்தால் அரிசி நொறுங்கி நொய்யாகிவிடும். எது அளவு என்பது பாட்டியின் கைக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்கு அது பேச்சிலும் செய்கையிலும் போய்ச் சேரும். பேரப்பிள்ளை வளர்க்கும் பாட்டிகள் நம் பரிணாமத்திலேயே முக்கியமானவர்கள் என்று கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளர் சொல்கிறார். டான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே, பாட்டிகள் தோண்டிவரும் கிழங்கு பேரக்குழந்தைகளின் வளர்ச்சிக்கு எவ்வளவு உதவுகிறது என்று அவர் குழு அளந்து பார்த்தது. இத்தனை நீண்ட குழந்தைப் பருவம் நமக்குக் கிடைத்ததே, சோறு போட இத்தனை கைகள் இருந்ததால்தான்.

ஆக, பிடிக்கும் கை, நெருப்பு, நீண்ட குழந்தைப் பருவம், பேச்சு, உதவும் சொந்தங்கள் எல்லாம் ஒரே வழியில் வந்து சேர வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு பல உயிர்களிடம் உண்டு. மொத்தமும் சேர்வது அபூர்வம்.

இங்கே இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த திருத்தம். அப்படி எல்லாம் சேர்ந்தது ஒரே ஓர் இனத்தில்தானா? இல்லை!

திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். பிற்காலத்தில் சாந்தி பப்புவின் குழு அங்கே தோண்டியதில், மிகப் பழைய கைக்கோடாரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று தெரிந்தது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் எலும்புகளில் மிகப் பழையவை மொராக்கோவில் கிடைத்தவை. அவற்றுக்கே வயது சுமார் மூன்று லட்சம்தான். அப்படியானால் கொசஸ்தலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து அந்தக் கல்லைச் செதுக்கிய கைகள் வேறொரு மனித இனத்தின் கைகள். நம் தமிழ்நாட்டில்! அவர்கள் எலும்பு இங்கே கிடைக்கவில்லை. ஆனால் 1982இல் நர்மதைக் கரையில், ஹத்னோராவில், அருண் சோனாக்கியா ஒரு பழைய மனித மண்டையோட்டைக் கண்டெடுத்தார்.

ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகில் குறைந்தது ஐந்து மனித இனங்கள் ஒரே காலத்தில் வாழ்ந்தன. நியாண்டர்தால்கள் குளிர் நாடுகளில் வேட்டையாடினார்கள், நெருப்பு வளர்த்தார்கள். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் சுமார் ஒரு மீட்டர் உயரமே உள்ள குட்டி மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் மூளை சிம்பன்சியின் மூளை அளவுதான். அவர்கள் வாழ்ந்த குகையில் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஜவ்வாது மலையில் உள்ள கற்திட்டைகளைக் ‘குள்ளர் வீடு’, ‘வாலியர் வீடு’ என்று சொல்வார்கள். குள்ள மனிதர்கள் கட்டிய வீடு என்பது கதை. உண்மையில் அவை நம்மைப் போன்ற உயரமுள்ள மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஆனால் கதையில் வருகிற மாதிரி மனிதர்கள் பூமியில் வேறோர் இடத்தில் மெய்யாகவே வாழ்ந்தார்கள் என்பது எவ்வளவு அதிசயம்!

அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நியாண்டர்தால்கள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தார்கள். தட்பவெப்ப மாற்றமா, கூட்டம் சிறிதாகிப் போனதா, நம் முன்னோர் வந்து இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் பேர் நம்மோடு கலந்தும் விட்டார்கள். ஸ்வாந்தே பேபோ பழைய எலும்பிலிருந்து நியாண்டர்தாலின் மரபுத் தொகுதியைப் படித்தார். 2022இல் நோபல் பரிசு பெற்றார். ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர் பள்ளியில் படிக்கும் குழந்தையின் உடம்பிலும் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நியாண்டர்தால் மரபணு உண்டு. எனவே, ‘ஏன் ஒரே இனத்துக்கு மட்டும் அறிவு வந்தது?’ என்பதைவிட ‘அறிவுள்ள இனங்கள் பல இருந்தும் ஏன் ஒன்று மட்டும் மிஞ்சியது?’ என்பதே சரியான கேள்வி. அதற்கு முழு விடை கிடைக்கவில்லை. உங்களில் ஒருவர் அதைக் கண்டுபிடிக்கலாம்.

அதற்கு ஓர் உதவி செய்யுங்கள். வயலிலோ மலைச்சரிவிலோ ஓடையிலோ வழவழப்பான, ஒரு முனை கூரான கல் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிடக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆசிரியரிடம் சொல்லி மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அதன் வயதைச் சொல்ல முடியும்.