கருத்த கத்தாளையும் கத்தரிக்கோலும்

பழைய அச்சுப் படங்களைச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டும் மோகம் பெருகிவருகிறது என்றும், அதைப் பற்றி எழுதினால் வாசகர் விரும்புவர் என்றும் கருதிய ஆசிரியர், கையால் வண்ணம் தீட்டிய மீன் படங்களை என் தலையில் கட்டினார். பூவும் பறவையும் இருக்க மீனில் என்ன அழகு என்று கேட்போர், மார்க்குஸ் எலீசர் பிளோக்கின் நூலைக் காணாதவர்கள்.

1723இல் ஆன்ஸ்பாக் நகரில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயது வரையில் ஜெர்மனும் லத்தீனும் அறியாதிருந்து, பின்னர் ஹாம்பர்க்கில் ஒரு வைத்தியர் வீட்டில் உபாத்தியாயராக அமர்ந்து கல்வியின் ருசியைக் கண்டு, தாமும் வைத்தியராகிப் பெர்லினில் பெயரெடுத்த பிளோக், மீன்களின் பக்கம் திரும்பியபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த அவருடைய நூலில் 432 படங்கள். பாதி வழியில் கைப்பணம் கரைந்துபோகவே, படத்துக்கு ஒருவராகப் பிரபுக்களும் அறிஞர்களும் செலவை ஏற்க, அவர்கள் பெயர் படத்திலேயே பொறிக்கப்பட்டது. கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதுவது நமக்கே உரிய வழக்கம் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை பூசித் துடைத்து, பள்ளங்களில் தங்கிய மையை உருளையின் அழுத்தத்தால் ஈரக் காகிதத்தில் ஏற்றிய பிறகு, அந்தக் கறுப்புக் கோடுகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் வண்ணம் தீட்டுவோர். மாதிரிப் படம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, பிரதிக்குப் பிரதி நீர்வண்ணத்தைத் தூரிகையால் ஏற்றி, செதில் மின்ன வேண்டிய இடத்தில் பொன்னும் வெள்ளியும் தொட்டுவைத்த அவர்களுடைய பெயர்களைப் பெரும்பாலும் எவரும் குறித்துவைக்கவில்லை. கைக்குக் கை வேறுபட்டதால், ஒரே நூலின் இரு பிரதிகளில் ஒரே மீன் ஒரே சாயலில் இருப்பதில்லை. வெள்ளி காலப்போக்கில் கறுத்துவிடும். செம்பிலிருந்து எடுத்த பச்சையோ காகிதத்தைத் தின்று மறுபக்கத்தில் பழுப்பாகத் தலைகாட்டும். விஷயம் தெரிந்த வியாபாரி, வண்ணம் பழையதா நேற்றுப் பூசியதா என்றறியக் காகிதத்தை முதலில் திருப்பிப் பார்ப்பது இதனால்தான்.

நிறம் மெய்யானதா என்று கேட்டால் விடை சங்கடமானது. செத்த மீனின் நிறம் சீக்கிரம் மங்கும். மிச்சத்தை, கெடாதிருக்க மீனை ஊறவைக்கும் சாராயம் குடித்துவிடும். அயல்நாட்டு மீன்களைப் பெரும்பாலும் இப்படி வெளுத்த நிலையில்தான் பிளோக் கண்டார். ஆகவே சில நிறங்கள் ஊகமே. ஆனாலும், 1719இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனார் வெளியிட்ட மீன் நூலில் அம்போன் தீவின் மீன்களோடு ஒரு கடற்கன்னியும் வண்ணத்தோடு வீற்றிருக்கிறாளே, அந்தக் கூத்து இங்கே இல்லை.

இந்தியாவுக்கு வராத பிளோக்குக்கு நம் ஊர் மீன்கள் கிடைத்தது, 1771 முதல் 1813இல் காலமாகும் வரை தரங்கம்பாடியிலிருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் போதகரால். அங்கிருந்து சென்ற தேளிக்கு 1794இல் பிளோக் இட்ட சிற்றினப் பெயரைத்தான் விஞ்ஞானிகள் இன்றும் எழுதுகிறார்கள். கத்தாளை வகை ஒன்றுக்கு 1793இல் அவர் இட்ட பெயரோ இன்னும் விசேஷமானது: ஜானியுஸ் கருத்தா. முற்பாதி போதகருக்கு மரியாதை. பிற்பாதி, கருத்த கத்தாளை என்று தரங்கம்பாடிக் கரையில் வழங்கிய தமிழ்.

என் விசாரம் இங்கேதான் தொடங்குகிறது. படத்தில் இருப்பது லத்தீன் எழுத்தில் அந்த ஒரு சொல். அது எந்த ஊரில் எந்த மீனுக்கு வழங்கியது என்ற செய்தி உரைப் பகுதியில் இருக்கிறது. ஜெர்மன் பதிப்பில் உரை சிறிய அளவிலும் படங்கள் அகன்ற பெரிய தாளிலுமாகத் தனித்தனியே அச்சிடப்பட்டதால், பிரிக்க நினைப்பவனுக்குப் பாதி வேலை மிச்சம். முழு நூலாக விற்பதைக் காட்டிலும் ஏடு ஏடாகக் கத்தரித்து விற்பதில் லாபம் அதிகம் என்று கண்ட வியாபாரம், படத்துக்குச் சட்டம் போடுகிறது, உரையைத் தேடுவாரில்லை. தனி ஏடு விற்பதால்தானே எளியவனும் ஒரு படத்தை வாங்க முடிகிறது என்பார்கள், இருக்கலாம். ஆனால் அவன் வாங்குவது மீனின் சட்டையை மட்டும்.

பிளோக் சேர்த்த மீன்களில் ஏறக்குறைய எண்ணூறு பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. நான் பார்த்தது அன்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிக்குள் அடைபட்ட கத்தாளை ஒன்றை. சட்டத்தின் விலையைக்கூடச் சொன்ன அவரிடம், இது எந்த ஊர் மீன் என்று கேட்டேன். ஏதோ சீமை மீன் என்றார்.