செயலியின் காய்ச்சல்

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் போர்வைமேல் வெப்பமானியை வைத்துப் பார்த்து, உடம்பில் சூடில்லை என்று எந்தத் தாயாவது சொல்வாளா? நான் என் கணிப்பொறிக்கு ஏறக்குறைய அதையே செய்துவந்தேன்.

2001ஆம் ஆண்டில் என்னிடமிருந்த பொறியின் மூளை, ஏஎம்டி நிறுவனத்தாரின் 'அத்லான் தண்டர்பேர்ட்' என்னும் செயலி; நொடிக்கு 100 கோடித் துடிப்புகள் கொண்டது. ஏறத்தாழ 120 சதுர மில்லிமீட்டர், அதாவது விரல் நகமளவே உள்ள அதன் சிலிக்கன் சில்லில் 54 வாட் வரை வெப்பம் பிறக்கும். விசிறி பூட்டிய உலோகத் தகடொன்று அவ்வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும். அவ்வேலை தடைப்பட்டால் செயலி பிழைப்பது அரிது. ஆதலால் திரை காட்டும் வெப்பநிலையையே நம்பியிருந்தேன். திரை 41 பாகை செல்சியஸ் என்றது. பொறியோ கணக்கின் நடுவே உறைந்து நின்றது. மூன்று நாள் உழைப்பு வீணாயிற்று.

பழுது எங்கே? அச்செயலிக்குள் வெப்பமானி கிடையாது. தாய்ப்பலகையில், செயலி அமரும் சாக்கெட்டின் நடுக்குழியில், தெர்மிஸ்டர் என்னும் சிறு மணி ஒன்று இருந்தது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பெரிதும் வழங்கிய வகை 25 பாகையில் 10,000 ஓம் தடை கொண்டது. 50 பாகையில் அது ஏறத்தாழ 4,000 ஓம் ஆகிவிடும். இத்தடையைக் கொண்டே பலகை வெப்பநிலையைக் கணக்கிடும். என் பலகையிலோ மணி செயலியைத் தொடாமல் தாழ்ந்து கிடந்தது. அது அளந்தது இடையிலிருந்த காற்றை! காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

மின்னிணைப்பைத் துண்டித்தேன். செயலியைக் கழற்றி, மணியின் கம்பிக் கால்களை மெல்ல நிமிர்த்தினேன். மணி செயலியின் அடிப்புறத்தைத் தொட வேண்டும். கால்கள் ஒன்றையொன்று தொடலாகாது. மணியின் தலையில் மின்சாரம் கடத்தாத வெப்பப் பசையைக் கடுகளவு இட்டு, எல்லாவற்றையும் முன்போலப் பூட்டி, அதே கணக்கை ஓட்டினேன். திரை 58 என்றது. எண் உயர்ந்தது கண்டு நான் மகிழ்ந்தேன்! பொறியின் சூடு கூடவில்லை, பொய்தான் நீங்கியது. பிறகே விசிறியைக் கவனித்தேன். தூசியடைந்து அது மந்தமாகச் சுழன்றுகொண்டிருந்தது. புதியதை மாற்றினேன்; எண் 49க்கு இறங்கியது, பொறி உறைவதும் நின்றது.

இம்முறையும் முழுமையானதன்று. மணி தொடுவது செயலியின் அடிப்புறத்தைத்தான். உள்ளே சில்லின் சூடு அதனினும் மிகுதி. 2001இல் வந்த 'அத்லான் எக்ஸ்பி' சில்லுக்குள்ளேயே வெப்ப உணரி அமைந்தது. இன்றைய செயலிகளிலும் உணரிகள் உள்ளேயே இருப்பதால், கம்பி வளைக்கும் தேவை நமக்கில்லை.

ஆயினும் மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் கருவி ஓர் எண்ணைக் காட்டும்போது, 'எவ்வளவு' என்று குறிப்பதோடு நின்றுவிடாதீர்கள். 'எதைத் தொட்டு அளந்தாய்' என்றும் அதனைக் கேளுங்கள்.