இறைப்பு இயந்திரத்தில் நீலப் புகை: வால்வு சீலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

1990களிலும், பின்னர் 2008-2009 காலத்திலும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல, வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டேனும் நீர் இறைக்கும் இயந்திரத்தை எடுத்துச் சென்றன. காரணம் விளங்கக்கூடியதே. காணி எங்கே கிடைத்தாலும், கிணறு யாருடையதாக இருந்தாலும், இயந்திரம் கையில் இருந்தால் நாலு பாத்தி வெங்காயமாவது வைக்கலாம். இன்றும் மீள்குடியேறிய குடும்பத்துக்கும், சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் குத்தகை நிலத்தில் பயிர் செய்யும் குடும்பத்துக்கும் இந்த இயந்திரமே முதல் மூலதனமாகும்.

இந்த இயந்திரம் நீலப் புகை விடத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? "கிழவனாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று சொல்லி ஒயிலை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். அல்லது கராச்சுக்குக் கொண்டுபோய், பயிர் வாடும் நாட்களில் அதன் வாசலில் காத்திருக்கிறோம். பல சமயங்களில் குறை, விரல் நுனியளவு இறப்பர்ச் சீல் ஒன்றில்தான் இருக்கிறது. பொறுமையும் சில ஆயுதங்களும் இருந்தால் அரை நாளில் நாமே அதை மாற்றலாம். இக்கட்டுரையில் கிணற்று இறைப்பில் பெரிதும் பழக்கமான ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 வகை இயந்திரத்தை உதாரணமாகக் கொள்கிறோம். அதே அமைப்பில் வரும் சீன இயந்திரங்கள் பலவற்றுக்கும் இம்முறை பொருந்தும்.

சீலின் வேலை என்ன?

சிலிண்டரின் தலையில் இரண்டு வால்வுகள் உள்ளன. காபுறேற்றர் பக்கம் உள்ளது பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடுகிறது. சைலன்சர் பக்கம் உள்ளது எரிந்த புகையை வெளியே விடுகிறது. இவ்வால்வுகளின் தண்டுகள் வழிகாட்டிக் குழாய்களுக்குள் மேலும் கீழும் ஓடுகின்றன. தண்டின் மேற்புறம் ஒயில் தெறித்து நனைந்திருக்கும். அங்கே ஒயில் இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த ஒயில் தண்டு வழியாக வழிந்து உள்ளே போகக்கூடாது. அதைத் தடுப்பதே குழாயின் தலையில் தொப்பிபோல் இருக்கும் வால்வு சீல்.

உள்வழி வால்வுப் பக்கத்தில் பிஸ்ரன் கீழே இறங்கும்போது உறிஞ்சல் ஏற்படுகிறது. சீல் கெட்டிருந்தால் அந்த உறிஞ்சல் ஒயிலையும் சேர்த்து இழுத்துவிடும். வெளிவழி வால்வுப் பக்கத்தில் புகை வெளிநோக்கித் தள்ளுவதால் இந்த ஆபத்துக் குறைவு. ஆகவேதான் ஜீ.எக்ஸ். 160இல் உள்வழி வால்வுக்கு மட்டுமே சீல் உண்டு.

இறப்பர் இரண்டு காரணங்களால் கெடுகிறது. ஒன்று சூடு, மற்றையது வயது. கொட்டிலில் அல்லது உறவினர் வீட்டுக் கோடியில் பல வருடங்கள் ஓடாமல் கிடந்த இயந்திரத்திலும் சீல் காய்ந்து கல்லுப்போல் ஆகிவிடும். "அதிகம் ஓடாத மிஷின்தானே, ஏன் புகைக்கிறது?" என்ற கேள்விக்கு இதுவே விடையாகும்.

முதலில் நோயை அறிவோம்

எல்லாப் புகையும் சீல் புகையல்ல. கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் மிஞ்சுகிறது. காற்று வடிகட்டியையும் சோக்கையும் பாருங்கள். குளிர்ந்த காலையில் சிறிது வெண்புகை வந்து மறைந்தால் அது ஈரப்பதம். நீலநிறமும் எரிந்த எண்ணெய் மணமும் இருந்தால் மட்டுமே ஒயில் எரிகிறது என்று பொருள்.

ஒயில் எரிவதற்கும் பல காரணங்கள் உண்டு. ஒயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம். இயந்திரம் சரிவில் நின்றிருக்கலாம். மூச்சுக் குழாய் அடைத்திருக்கலாம். முதலில் இம்மூன்றையும் சரிசெய்யுங்கள். பிறகு இயந்திரத்தை இரவு முழுதும் நிறுத்திவைத்துக் காலையில் இயக்கிப் பாருங்கள். தொடங்கியவுடன் ஒரு பெரும் நீலப் புகை எழுந்து, சில நிமிடங்களில் குறைந்தால் பெரும்பாலும் சீலே காரணம்; இரவில் வழிந்து தேங்கிய ஒயில்தான் அப்படி எரிகிறது. மாறாக, தண்ணீர் இறைத்துச் சுமை ஏறும்போது புகை ஓயாமல் வந்து, மூச்சுக் குழாயாலும் புகை தள்ளினால் பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கிறது. றிங் வேலை வேறு. அதை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நல்லது.

மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கமுள்ளோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சொட்டுப் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. ஒயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டு போனால், அல்லது அளவுகோலை மணந்தால் மண்ணெண்ணெய் வாடை வந்தால், முதல் வேலை ஒயிலை மாற்றுவதுதான். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்ட பின்னர், மலிவு என்ற பழைய நியாயமும் வலுவிழந்துவிட்டது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய பக்க வால்வு இயந்திரங்களில் பெரும்பாலும் இச்சீல் இல்லை. சிலிண்டர்த் தலையில் நான்கு போல்ற்றுடன் தகர மூடி இருந்தால் அது மேல் வால்வு இயந்திரம். அத்தகையவற்றுக்கே இக்கட்டுரை.

தேவையானவை

10 மில்லிமீற்றர் ஸ்பனர், றொக்கர் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பனர்கள், பிளக் ஸ்பனர், நுனி மெல்லிய குறடு, இடைவெளி பார்க்கும் தகடுகள் (பீலர் கேஜ்), ஒரு மீற்றர் பருத்திக் கயிறு, சுத்தமான துணி, இரண்டு சிரட்டைகள். தும்புக் கயிறு வேண்டாம். அதன் நார் உள்ளே உதிர்ந்துவிடும். தகடுகளை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கத் தேவையில்லை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, சங்கத்தில் வைத்துப் பாவிக்கலாம்.

சீலை வாங்கும்போது இயந்திரத்தின் பெயரையும் இலக்கத்தையும் சொல்லி வாங்குங்கள். கண்ணளவில் "இது சரிவரும்" என்று தரப்படும் சீலும், இறப்பர் வளையத்தில் வெட்டிச் செய்த சீலும் சில நாட்களே நிற்கும். மேல் மூடியின் கஸ்கற்றையும் சேர்த்து வாங்கிவைத்தால் வேலை நடுவில் நிற்காது.

செய்முறை

1. இயந்திரம் நன்றாக ஆறட்டும். பிளக் தொப்பியைக் கழற்றி, எரிபொருள் குழாயைப் பூட்டுங்கள். திறப்பதற்கு முன் தலைப் பகுதியைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். மணல் ஒரு பிடி உள்ளே போனால் செய்த வேலைக்குப் பயனில்லை.

2. கயிறு இழுத்துத் தொடக்கும் பகுதியின் மூடியை, அதன் மூன்று போல்ற்றுகளைக் கழற்றி அகற்றுங்கள். இப்போது சுழல் சக்கரத்தைக் கையால் இரு பக்கமும் திருப்பலாம். பிளக்கையும் றொக்கர் மூடியையும் கழற்றுங்கள். மூடி ஒட்டியிருந்தால் மரத்துண்டால் மெல்லத் தட்டுங்கள். ஸ்குறூ டிரைவரால் நெம்ப வேண்டாம்.

3. சக்கரத்தை இயந்திரம் ஓடும் திசையில் மெதுவாகத் திருப்பி, காபுறேற்றர் பக்க வால்வைப் பாருங்கள். அது உள்ளே அமுங்கித் திரும்பி வந்தவுடன் நிறுத்துங்கள். இப்போது பிஸ்ரன் கீழே இருக்கிறது. இரு வால்வுகளும் மூடியுள்ளன.

4. கயிற்றின் ஒரு நுனியில் பெரிய முடிச்சிட்டு, மறு நுனியைப் பிளக் துவாரத்தால் உள்ளே விடுங்கள். முடிச்சு வெளியே நிற்க வேண்டும். பின்னர் சக்கரத்தை அதே திசையில் மெல்லத் திருப்பினால், பிஸ்ரன் கயிற்றை மேலே தள்ளி வால்வுகளைத் தாங்கிப் பிடிக்கும். மெத்தென்று தடைப்படும் இடத்தில் நிறுத்துங்கள், பலாத்காரம் வேண்டாம். இக்கயிறு இல்லாவிட்டால் ஸ்பிறிங்கைக் கழற்றியதும் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். தலையையே கழற்ற நேரிடும்.

5. காபுறேற்றர் பக்க றொக்கரின் லொக் நட்டைத் தளர்த்தி, றொக்கரையும் தள்ளுக் கம்பியையும் எடுத்து ஒரு சிரட்டையில் வையுங்கள். சைலன்சர் பக்கத்தில் ஏதாவது கழற்றினால் மற்றச் சிரட்டையில் வையுங்கள். அந்த வால்வுத் தண்டின் நுனியில் சிறிய மூடி ஒன்று உண்டு; தொலைந்துவிடாமல் கவனியுங்கள். இரு பக்கப் பாகங்களும் மாறக்கூடாது.

6. ஸ்பிறிங்கின் மேலுள்ள தட்டை இரு பெருவிரல்களாலும் அமுக்கிப் பக்கமாக நகர்த்துங்கள். தட்டிலுள்ள பெரிய துவாரம் தண்டுக்கு நேரே வந்ததும் அது விடுபடும். ஸ்பிறிங் பாயக்கூடும், முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஸ்பிறிங்கை எடுத்தவுடன் தண்டின் நுனிப் பள்ளத்தில் ஒரு சிறு இறப்பர் வளையத்தைச் சுற்றிவிடுங்கள். கயிறு தளர்ந்தாலும் வால்வு விழாது. இனிச் சக்கரத்தைத் தொட வேண்டாம்.

7. பழைய சீலைக் குறட்டால் பிடித்து, முறுக்கி மேலே இழுங்கள். அது கடினமாகவோ வெடித்தோ இருந்தால் நம் கணிப்புச் சரி என்று கொள்ளலாம். வழிகாட்டிக் குழாயில் கீறல் விழக்கூடாது.

8. இறப்பர் வளையத்தை எடுத்துவிட்டுத் தண்டில் சுத்தமான ஒயில் பூசுங்கள். தண்டின் நுனிப் பள்ளத்தின் விளிம்பு கூரானது. புதிய சீலின் உதட்டை அது வெட்டிவிடும். ஆகவே நுனியில் மெல்லிய பொலித்தீன் துண்டைப் போர்த்தி, அதன்மேலாகச் சீலை இறக்குங்கள். பின் பொலித்தீனை எடுத்துவிட்டு, சீலைச் சுற்றிச் சமமாகக் கையால் அமுக்கிக் குழாயில் உட்காரவையுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

9. ஸ்பிறிங்கையும் தட்டையும் திரும்பப் போட்டு, தட்டு நடுவில் சரியாகப் பூட்டியுள்ளதா என்று பாருங்கள். தள்ளுக் கம்பியின் அடி தன் குழியில் இருக்கிறதா என்று உறுதி செய்தபின் றொக்கரைப் பூட்டுங்கள். சக்கரத்தைச் சிறிது பின்பக்கம் திருப்பிக் கயிற்றை வெளியே எடுங்கள். கயிறு முழுதாக வந்ததா என்று பாருங்கள்.

10. இனி இடைவெளி. சக்கரத்தைத் திருப்பி, உள்வழி வால்வு அமுங்கித் திரும்பியபின் மேலும் ஏறத்தாழ அரைச் சுற்றுச் சுற்றினால் பிஸ்ரன் உச்சிக்கு வரும். வரும் வழியில் சைலன்சர் பக்க வால்வு மெல்ல அசையலாம். அது கயிறு இழுப்பதை இலகுவாக்க வைத்த அமைப்பு. உச்சியில் இரு றொக்கர்களும் தளர்வாக ஆட வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கையில் உள்வழி வால்வுக்கு 0.15 மில்லிமீற்றர், வெளிவழி வால்வுக்கு 0.20 மில்லிமீற்றர் என்பது ஜீ.எக்ஸ். 160க்கான அளவு. தகடு சிறு பிடிப்புடன் இழுபட வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். அதிகமானால் தட்டும் சத்தம் வரும், வலுவும் குறையும். லொக் நட்டை இறுக்கியபின் மீண்டும் அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறுவதுண்டு.

11. மூடிகளைப் பூட்டி, பிளக் இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீற்றருக்குள் வைத்துப் பூட்டுங்கள். இயந்திரத்தை மட்டமாக நிறுத்தி, எஸ்.ஏ.ஈ. 30 ஒயில் ஏறத்தாழ 0.6 லீற்றர் புதிதாக ஊற்றுங்கள்.

முதல் தடவை இயக்கும்போதும் புகை வரும். சைலன்சரில் படிந்த பழைய ஒயில் எரிய வேண்டுமல்லவா? பயப்பட வேண்டாம். மறுநாட் காலையிலும் பெரும் நீலப் புகை வந்தால், வழிகாட்டிக் குழாயோ றிங்கோ தேய்ந்துள்ளது என்று தெரிந்துகொண்டு கராச்சுக்குப் போங்கள். அப்போதும் நட்டமில்லை, எங்கே குறை என்று நாமே சொல்லக்கூடியவர்களாய்ப் போகிறோம். தேவையற்ற பாகங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டி வராது.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

இவ்வியந்திரத்தில் ஒயில் பம்பி இல்லை. பிஸ்ரன் தண்டின் அடியிலுள்ள கரண்டி போன்ற ஒரு நுனி ஒயிலை அள்ளித் தெறிக்கவைக்கிறது. மொத்தம் அரை லீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஒயில்தான். சீல் வழியாக அது எரிந்து குறைந்தால் கரண்டிக்கு எட்டாது. ஒரு மதிய இறைப்புக்குள் தண்டு இறுகி உடைந்து, சிலிண்டரையும் கெடுத்துவிடும். சிறு சீலுக்காகத் தயங்கி முழு இயந்திரத்தையும் இழப்பது, இருக்கும் ஒரே பிடியையும் நாமே விடுவதாகும். எனவே புகைக்கும் இயந்திரத்தை ஓட்டியே ஆகவேண்டுமானால், ஒவ்வொரு இறைப்புக்கும் முன் ஒயில் அளவைப் பாருங்கள்.

ஒயிலை 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை, அல்லது 6 மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். வாரத்தில் இரு நாள், நாளுக்கு 4 மணி நேரம் இறைப்பவருக்கு 12 வாரத்தில் 100 மணி நேரம் நெருங்கிவிடும். அதாவது ஏறத்தாழ ஒரு போகத்துக்கு ஒரு மாற்றம். எடுத்த கழிவு ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015ஆம் ஆண்டுகளில் எவ்வளவு பெரிய துயரமாயிற்று என்பதை அறிவோம். சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே போகும். கழிவைக் கலனில் சேர்த்துக் கராச்சில் கொடுங்கள்.

மாரியில் இயந்திரம் ஓய்ந்திருக்கும் காலத்திலும் அதைக் கவனிக்க வேண்டும். எரிபொருளை வடித்துவிடுங்கள். பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துத் தடை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரம் உள்ளே போகாது.

இவ்வேலையை முதல் தடவை செய்யும்போது தனியே செய்யாதீர்கள். அயலில் உள்ள இருவரையும், வீட்டில் வளர்ந்த மகனையோ மகளையோ கூட்டிவைத்துச் செய்யுங்கள். இடம் மாறும்போது சாமான் தவறலாம், காணி கைவிட்டுப் போகலாம். கையில் ஏறிய தொழில் நாம் போகும் இடமெல்லாம் நம்மோடு வரும்.