இரைப்பை சிறுத்தபின் மாறும் ருசி

மிகையான உடல் பருமனுக்காகச் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை, இரைப்பையின் கொள்ளளவைச் சுருக்கி உணவின் அளவைக் குறைக்கிறது என்பதே பொதுவாக நிலவும் எண்ணம். அது உண்மையே எனினும் முழு உண்மை அன்று. ஏனெனில் இச்சிகிச்சை பெற்றவர்களுள் பலர், வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது என்பதோடு நில்லாமல், முன்பு விரும்பிச் சாப்பிட்ட பண்டமே இப்போது பிடிக்கவில்லை என்றும், இனிப்பு ஒரு வாய்க்கு மேல் திகட்டுகிறது என்றும், எண்ணெயில் பொரித்ததன் வாடையே குமட்டுகிறது என்றும் சொல்கின்றனர். இது அண்மைக்காலத்துப் பேச்சும் அன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966இல் இரைப்பை பைபாஸ் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். 1981இல் கேத்தரின் ஹால்மியும் மேசனும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, அச்சிகிச்சை பெற்றவர்கள் கொழுப்பு மிகுந்த இறைச்சியையும் கலோரி மிகுந்த மாவுப்பண்டங்களையும் குறைத்துக்கொண்டதையும், அவற்றில் முன்போல் இன்பம் காணவில்லை என்று அவர்களுள் சிலர் கூறியதையும் பதிவுசெய்தது.

இன்று பெருவழக்கில் உள்ள சிகிச்சைகள் இரண்டு. ‘ஸ்லீவ்’ எனப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்குக் குறையாத பகுதி வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாயாகத் தைக்கப்படுகிறது. பைபாஸ் முறையிலோ எதுவும் அகற்றப்படுவதில்லை. இரைப்பையின் மேல்நுனியில் ஏறத்தாழ 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பை ஒன்று பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதி மேலே கொண்டுவரப்பட்டு அதனுடன் நேரே இணைக்கப்படுகிறது. இதனால் உணவு, பெரும்பகுதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமலே கீழிறங்கிவிடுகிறது. ருசி மாற்றம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பைபாஸ் பெற்றவர்களைப் பற்றியவை.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பைபாஸ் பெற்ற 103 பேர் நிரப்பித் தந்த வினாத்தாள்களை அடிப்படையாகக் கொண்டு 2014இல் வெளிவந்த ஆய்வில், 97 விழுக்காட்டினர் பசியிலும், 73 விழுக்காட்டினர் சுவையிலும், 42 விழுக்காட்டினர் மணத்திலும் மாற்றம் கண்டதாகத் தெரிவித்திருந்தனர். நான்கில் மூவர் அளவுக்கு ஏதேனும் ஓர் உணவின்மீது வெறுப்பும் தோன்றியிருந்தது. அவ்வாறு வெறுக்கப்பட்டவற்றில் முன்னின்றவை கோழி, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றி இறைச்சி, மீன் ஆகியவை. இறைச்சி இவ்வாறு முன்வரிசைக்கு வந்ததில் நாவின் பங்கு சிறிதாகவே இருக்கக்கூடும். நாரும் வறட்சியும் உள்ள இறைச்சி நன்கு மெல்லப்படாமல் இறங்கினால், குறுகிய இணைப்பில் தங்கி நெஞ்சை அடைக்கும், சில வேளை வாந்தியாக வெளியேறும். அப்படி இரண்டு முறை அவதிப்பட்டவர் மூன்றாம் முறை அதனைத் தட்டில் வைத்துக்கொள்ளத் தயங்குவது இயல்பே.

இனிப்பின் கதை இதைவிடச் சிக்கலானது. இயல்பான உடலில் இரைப்பையின் அடிவாயிலில் உள்ள பைலோரஸ் என்னும் தசைவளையம், ஏரியின் மதகைப் போல, உள்ளிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகவே சிறுகுடலுக்குத் திறந்துவிடும். பைபாஸ் பெற்றவரிடம் உணவு அந்த வழியாகச் செல்வதில்லையாதலால், சர்க்கரைப் பாகு போன்ற செறிவான பொருள் ஒரே வீச்சில் சிறுகுடலில் விழுகிறது. அதனை நீர்க்கச் செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்பட, சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் படபடப்பும் வியர்வையும் தலைச்சுற்றலும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். மருத்துவர்கள் இதனை ‘டம்பிங்’ என்பர். இதன் பிந்திய வடிவம் ஒன்றும் உண்டு: வேகமாக உறிஞ்சப்பட்ட சர்க்கரைக்கு எதிராக இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குப் பின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். இத்தகைய தொல்லையைத் தந்த உணவை உடல் நினைவில் வைத்துக்கொண்டு பின்னர் ஒதுக்குவதைக் கற்றறிந்த சுவைவெறுப்பு என்று கூறலாம். அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா 1955இல், இனிப்பு நீரைப் பருகியபோது கதிர்வீச்சுக்கு ஆளாகி நோயுற்ற எலிகள் பின்னர் அந்த நீரைத் தவிர்த்ததைக் காட்டியபோது வெளிப்பட்டது இந்த ஆற்றலே.

இந்த வெறுப்பு தோன்ற, தொல்லை தரும் பொருள் நாவில் படத் தேவையே இல்லை என்பதை 2011இல் காரெல் லெ ரூ முதலியோர் வெளியிட்ட எலிச் சோதனை நுட்பமாகக் காட்டியது. பைபாஸ் செய்யப்பட்ட எலிகள் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடித்த பின், நாவில் படாதவாறு குழாய் வழியாக நேரே அவற்றின் வயிற்றுக்குள் மக்காச்சோள எண்ணெய் செலுத்தப்பட்டது. அதன்பின் அவை அந்த இனிப்பு நீரையே நாடாமல் குறைத்துக்கொண்டன. எண்ணெயின் சுவையை அறியாமலே, அது குடலில் செய்த வேலையை மட்டும் அறிந்து, அதற்கு முந்திய சுவையின்மீது அவை பழிபோட்டன எனலாம்.

குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி எது என்ற கேள்வி, ஹார்மோன்களிடம் கொண்டுவிடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் 1999இல் ஜப்பானிய அறிஞர்களால் கண்டறியப்பட்டது; அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில்தான் என்பதால், ஸ்லீவ் சிகிச்சையில் அப்பகுதியோடு சேர்ந்து அதன் அளவும் வீழ்கிறது. பைபாஸுக்குப் பின்னரோ, உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைந்து சேர்வதால், வயிறு நிறைந்ததென்று அறிவிக்கும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பலமடங்கு பெருகுகின்றன. இவற்றின் சுரப்பை மருந்தால் தடுத்தபோது பைபாஸ் பெற்றவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டனர் என்பதும், இரைப்பையைச் சுற்றிப் பட்டை மட்டும் கட்டிக்கொண்டவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை என்பதும் இதற்குச் சான்று. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2014இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்விலும், உணவுப் படங்களைப் பார்க்கும்போது மூளையின் இன்ப மையங்களில் எழும் கிளர்ச்சி, பட்டை கட்டியவர்களைவிட பைபாஸ் பெற்றவர்களிடம் குறைவாகவே இருந்தது.

அலெக்சாண்டர் மிராஸும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட சோதனை இவ்வரிசையில் மிகவும் சுவையானது. கணினியின் முன் அமர்ந்தவர், மவுஸைக் குறிப்பிட்ட தடவை அழுத்தினால் சிறு சாக்லேட் மிட்டாய் ஒன்று கிடைக்கும்; அடுத்த மிட்டாய்க்கு அதைவிட அதிகமாகவும், அதற்கடுத்ததற்கு மேலும் அதிகமாகவும் அழுத்த வேண்டும். போதும் என்று அவர் கைவிடும் இடமே ஆசையின் அளவுகோல். பைபாஸுக்குப் பின் அந்த இடம் மிக முன்னதாகவே வந்துவிட்டது. மிட்டாய்க்குப் பதிலாகக் காய்கறித் துண்டுகளை வைத்தபோது அவ்வாறு நேரவில்லை. பிடித்திருக்கிறதா என்று வாயால் கேட்பதைவிட, எவ்வளவு உழைக்க மனம் வருகிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

அவ்வாறு நேரில் பார்த்த இன்னோர் ஆய்வு, மேற்கண்ட முடிவுகளுக்கு ஒரு கடிவாளம் இடுகிறது. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஸ்லீவ், பைபாஸ் ஆகிய இருவகைச் சிகிச்சை பெற்றவர்கள்முன்னும் பஃபே விருந்து வைக்கப்பட்டு, சிகிச்சைக்கு முன்னும் ஆறு மாதம் கழித்தும் அவர்கள் எடுத்துச் சாப்பிட்டவை அளவிடப்பட்டன. மொத்த உணவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் கொழுப்பும் இனிப்பும் உள்ளவற்றை எடுத்த விகிதம் பெரிதும் மாறவில்லை. வினாத்தாளில் ருசி மாறிவிட்டதென்று எழுதுபவர் விருந்தில் பழையபடியே எடுப்பதை நோக்கினால், ‘இனிப்பு தானாக வெறுத்துவிடும்’ என்று கூறிச் சிகிச்சைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் சான்றுக்கு மீறிப் பேசுகின்றன என்றே சொல்ல வேண்டும். அளவு குறைவது உறுதி. விருப்பம் மாறுவது ஆளுக்கு ஆள் வேறுபடும், முதல் ஆண்டில் தெளிவாகத் தோன்றிப் பலரிடம் பின்னர் மங்கவும் செய்யும். மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்வதும் உண்டு: பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது, 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் மதுப் பழக்கக் கோளாறு, சிகிச்சைக்கு முன்பு 7.6 விழுக்காடாக இருந்து, சிகிச்சைக்குப் பிந்திய இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

தமிழர் சாப்பாட்டுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பதும், தட்டில் முதலில் அதையே சாப்பிட வேண்டும் என்பதும் உணவியலாளர் வகுத்த நெறி. சோற்றை நடுவில் குவித்து, பருப்பையும் கூட்டையும் ஓரத்தில் வைத்துப் பழகிய வீட்டில் இந்த நெறி இலையையே தலைகீழாக்குகிறது. நான்கு கவளம் சோறு உள்ளே போனபின் பயறுக்கும் முட்டைக்கும் இடம் இராது. இறைச்சியும் வெறுத்துவிட்ட நிலையில், ‘ஒரு வாய்தானே’ என்று பாயசத்தை நீட்டும் உறவினர், அன்பின் பெயரால் டம்பிங்கையே பரிமாறுகின்றனர்.

எல்லா ருசி மாற்றத்தையும் சிகிச்சையின் இயல்பான விளைவென்று ஒதுக்கிவிடவும் கூடாது. துத்தநாகக் குறைவு சுவையுணர்வை மழுக்கும். பைபாஸில் உணவு தவிர்த்துச் செல்லும் முன்சிறுகுடலே இரும்புச்சத்து மிகுதியாக உறிஞ்சப்படும் இடமாதலால் அச்சத்தும் குறையலாம். அக்குறைவின் அறிகுறிகளுள் ஒன்று, பனிக்கட்டியையோ மண்ணையோ தின்ன வேண்டும் என்ற அடங்காத வேட்கை. சிகிச்சை பெற்றவர் நாள்தோறும் ஐஸ் கட்டியைக் கடிக்கத் தொடங்கினால், ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் தாமதமின்றிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.