டேப் தட்டினால் எந்த எழுத்து?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பிஎஸ்கியூஎல் என்றொரு கட்டளைவரிக் கருவி வரும். கறுப்புத் திரையில் பாதிச் சொல்லை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிவிடும். நிரப்புவதில் சிக்கலில்லை; பெரிய எழுத்திலா, சிறிய எழுத்திலா என்பதில்தான் வம்பே. தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல், ஆங்கில எழுத்தில் எழுதும் மொழியாயிற்றே!

செலக்ட், இன்சர்ட் போன்ற கட்டளைச் சொற்களை எஸ்கியூஎல் எந்த வடிவிலும் ஏற்கும். ஆனால் ஒருவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பார், இன்னொருவருக்கு அது கத்துவது போலிருக்கும். 2012இல் வந்த 9.2ஆம் பதிப்பில் இதற்கென ஓர் அமைப்பு சேர்ந்தது. எப்போதும் பெரியது, எப்போதும் சிறியது, அல்லது அடிப்பவர் தொடங்கிய வழியிலேயே. நாம் எதையும் மாற்றாவிட்டால் கடைசி வழிதான். ஒன்றும் அடிக்காமல் டேப் தட்டினால் மட்டும் பெரிய எழுத்து. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

இதில் ஒரு வேடிக்கை. கருவி பார்ப்பது முதல் எழுத்தை மட்டும். செலக்டின் 'எஸ்'ஸைச் சிறியதாகவும், அடுத்த இரண்டு எழுத்துகளைப் பெரியதாகவும் அடித்து டேப் தட்டினால், முழுச் சொல்லும் சிறிய எழுத்தாகிவிடும். அடித்ததையும் சேர்த்தே திருத்திவிடுகிறது.

அட்டவணைப் பெயர்கள் வேறு கதை. அவற்றின் பட்டியல் கருவியிடம் இல்லை. டேப் தட்டும்போது சர்வரிடம் ஒரு வினவலை அனுப்பித்தான் தெரிந்துகொள்கிறது. தவிர, மேற்கோள் குறியில்லாத பெயர்களை போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தாக்கிவிடும். எஸ்கியூஎல் தரநிலை சொல்வதும் ஆரக்கிள் தரவுத்தளம் செய்வதும் நேர்மாறு: அங்கே பெரிய எழுத்து.

பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி டேப் தட்டியவர்களுக்கு நெடுங்காலம் பதிலே வராமல் இருந்தது. 2022இல் வெளியான 15ஆம் பதிப்புதான் சர்வரைப் போலவே அதைச் சிறிய எழுத்தாக்கிவிட்டுத் தேடத் தொடங்கியது. ஆனால் யாராவது மேற்கோள் குறிக்குள் பெரிய 'சி' போட்டு 'கஸ்டமர்ஸ்' என்று அட்டவணை உருவாக்கியிருந்தால், இன்றும் இரட்டை மேற்கோளை முதலில் போட்டு, எழுத்தை அடிப்பதென்றால் பெரிய 'சி'யாகவே அடித்தால்தான் டேப் உதவும்.