புற்றுநோயின் பெருக்கல் கணக்கு

சதுரங்க விளையாட்டைக் கண்டுபிடித்த இந்திய அறிஞர் ஒருவர் தம் அரசரிடம் கேட்ட பரிசைப் பற்றிய கதையை நாம் கேட்டிருக்கிறோம். பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு... இவ்வாறு 64 கட்டங்களையும் நிரப்பித் தந்தால் போதும் என்றாராம். இது என்ன அற்பப் பரிசு என்று அரசர் நகைத்தார். களஞ்சியம் முழுவதையும் கொட்டினாலும் கணக்குத் தீராது என்பது பிறகுதான் அவருக்குப் புலப்பட்டது.

13-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இக்கதையைப் பதிவு செய்துள்ளார். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே பேரறிஞர் அல்பிரூனி அத்தொகையைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். அது 18,446,744,073,709,551,615 என்னும் இருபது இலக்க எண்!

அரசரை ஏமாற்றியது எது? முதற் பத்துக் கட்டங்களின் எளிமைதான். இதே ஏமாற்றத்தைத்தான் புற்றுநோயும் நம் உடலில் நிகழ்த்துகிறது.

முக்கால் வழி கடந்த பின்

நம் உடலின் செல்கள் தேவைக்கேற்பப் பிரிந்து, தேவை முடிந்ததும் நின்றுவிடும் ஒழுங்கு உடையவை. அந்த ஒழுங்கை மீறிய ஒரே ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. இவ்வாறு இருபது முறை இரட்டித்தால் சுமார் 10 லட்சம் செல்கள். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் அதன் எடை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஓர் ஊசியின் கொண்டை அளவே இருக்கும். கைக்குத் தட்டுப்படாது; வலியும் தராது.

முப்பது முறை இரட்டித்தால் சுமார் 100 கோடி செல்கள். எடை ஒரு கிராம். அகலம் ஒரு சென்டிமீட்டர். அதாவது ஒரு சுண்டைக்காய். பெரும்பாலான கட்டிகள் ஏறத்தாழ இந்த நிலையை எட்டும்போதுதான் கைக்குத் தட்டுப்படுகின்றன. இன்னும் பத்தே இரட்டிப்புகள் நிகழ்ந்தால் செல்கள் 1 லட்சம் கோடியாகி, எடை ஒரு கிலோவை நெருங்கும். அச்சுமையை மனித உடல் தாங்குவது அரிது.

சகோதரிகளே, இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பாருங்கள். நாற்பது படிகளில் முப்பது படிகள் நம் கண்ணுக்குப் படாமலேயே ஏறப்பட்டுவிட்டன. "இப்போதுதான் சின்னதாக ஒரு கட்டி வந்திருக்கிறது, வலி ஒன்றும் இல்லை, நோன்பு முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும்" என்று நாம் தள்ளிப்போடும் கட்டி, தன் பயணத்தில் முக்கால் பங்கை முடித்துவிட்டுத்தான் நம் விரலில் தட்டுப்பட்டிருக்கிறது!

காம்பர்ட்ஸ் வகுத்த வளைகோடு

ஆனால் கட்டி என்றென்றும் ஒரே வேகத்தில் இரட்டிப்பதில்லை. பெரிதாக ஆக அதன் உட்பகுதிக்கு இரத்தமும் உணவும் போதிய அளவில் கிடைப்பதில்லை, வேகம் தணிகிறது. இந்தத் தணிவைக் காட்டும் சமன்பாடு ஒரு மருத்துவர் வகுத்ததன்று. 1825-ஆம் ஆண்டில் பெஞ்சமின் காம்பர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆயுள் காப்பீட்டுக் கணக்கிற்காக அமைத்தது அது. 1964-இல் அன்னா லெயர்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், எலி முதலிய விலங்குகளின் கட்டிகள் வளரும் விதம் அதே வளைகோட்டில் அமைவதைக் காட்டினார்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. பெரிய கட்டி மெதுவாக வளர்கிறது என்றால், மருந்தினால் சுருங்கிச் சிறிதாகிப்போன கட்டி மீண்டும் வேகமெடுக்கும் அல்லவா? ஆகவே மருந்துகளுக்கிடையே நீண்ட இடைவெளி கூடாது என்று நார்ட்டன், சைமன் என்னும் இருவர் 1970-களில் வாதிட்டனர். மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை தரும் மருந்தை இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை தந்தபோது பயன் கூடியதை 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மெய்ப்பித்தது. காகிதத்தில் எழுதிய கணக்கு உயிர் காக்கும் முறையாயிற்று!

பாதியில் நிறுத்தலாமா?

நம் குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஹோவர்ட் ஸ்கிப்பர் என்னும் ஆய்வாளர் 1960-களில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். ஒவ்வொரு முறை தரும் மருந்தும் இத்தனை செல்கள் என்று எண்ணிக் கொல்வதில்லை. இருப்பவற்றில் இத்தனை பங்கு என்றே அழிக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு தவணை மருந்து 1000-க்கு 999 செல்களை அழிப்பதாகக் கொள்வோம். 100 கோடி செல்கள் முதல் தவணையில் 10 லட்சமாகும். சுண்டைக்காய் மறைந்துவிட்டது! கையால் தடவினால் ஒன்றும் இல்லை. வீட்டார் மகிழ்கிறார்கள். ஆனால் 10 லட்சம் பகைவர்கள் உள்ளே இருக்கிறார்கள். இரண்டாம் தவணையில் ஆயிரமாகும். மூன்றாம் தவணையில் ஒன்றாகும். அந்த ஒன்றும் மீண்டும் இரட்டிக்க வல்லது. உண்மையில் பல கட்டிகள் இவ்வளவு எளிதில் பணிவதுமில்லை. தவணைகளுக்கிடையே சிறிது வளரவும் செய்கின்றன.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு, நோய் அறிகுறிகள் மறைந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை சிகிச்சை நீள்வது இதனால்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும், மும்பை டாட்டா மருத்துவமனையிலும், டில்லி எய்ம்ஸிலும் 1980-களில் இத்தகைய நீண்ட கூட்டுமருந்து முறை கைக்கொள்ளப்பட்டது.

ஒரு மருந்தோடு நில்லாமல் பலவற்றைச் சேர்த்துத் தருவதற்கும் கணக்கு உண்டு. செல்கள் பெருகப் பெருக, அவற்றுள் ஒன்றேனும் மருந்துக்குப் பணியாததாக மாறும் வாய்ப்பும் பெருகும் என்று கோல்டி, கோல்ட்மன் இருவரும் 1979-இல் கணித்தனர். நோய் பரவுவதும் இதைப் போன்றதே. கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் கலக்கும் செல்களில் மிகப் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. ஆனால் கோடிக்கணக்கில் புறப்பட்டால், ஒன்றிரண்டு நுரையீரலிலோ எலும்பிலோ குடியேறிவிடக்கூடும்.

திண்டுக்கல் தந்த நற்செய்தி

கணக்கு அச்சுறுத்துவதற்கு மட்டும் அன்று, நம்பிக்கையும் தருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றுவதற்கு முன் மாற்றங்கள் தோன்றிப் பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன. அவ்வளவு காலம் நமக்கு அவகாசம் இருக்கிறது.

ஓமலூரிலிருந்து தெற்கே சேலம், நாமக்கல், கரூர் கடந்தால் வருவது திண்டுக்கல். அம்மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரும் ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதித்தனர். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மை படர்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே சோதனை. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தனர். ஒரே ஒரு முறை நடந்த இச்சோதனையால், அழைக்கப்படாத ஊர்களை நோக்க இந்நோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என 2007-இல் முடிவு வெளியாயிற்று.

சிந்திக்க வேண்டியது

ஓமலூர் வட்டாரமானாலும் வேறு எவ்வூரானாலும், நம் தாய்மார்கள் நாணத்தினாலும், வீட்டுச் செலவை எண்ணியும் தம் உடல்நலனை மறைத்துவிடுகிறார்கள். பெண் செவிலியரே செய்து முடிக்கக்கூடிய சோதனை இது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கருப்பை வாய், மார்பகப் பரிசோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இடம் உண்டு.

எந்தச் சமன்பாடும் ஒரு மனிதரின் ஆயுளைச் சொல்லிவிடாது. அதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. ஒவ்வொருவர் கட்டியும் வெவ்வேறு வேகத்தில் வளர்கிறது. சில கட்டிகள் தீங்கற்றவை. ஆனால் எது தீங்கற்றது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வலி இல்லை என்பது சான்றாகாது.

கணவன்மார்களே, பிள்ளைகளே! 30 வயது கடந்த உங்கள் வீட்டுப் பெண்கள் பரிசோதனை செய்துகொண்டார்களா என்று இன்றே கேளுங்கள். சிகிச்சை தொடங்கியிருந்தால், கட்டி மறைந்தது என்று நம்பித் தவணையைப் பாதியில் விடாமல் துணைக்குச் செல்லுங்கள். சதுரங்கப் பலகையின் அரசருக்குக் கணக்குப் புரிந்தது கடைசிக் கட்டங்களில். நமக்கு முதற் கட்டங்களிலேயே புரியட்டும்!