செபத்தோடு சிகிச்சையும்



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். “ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல சாமி, யாரோ கூப்பிடுற மாதிரி பேசறான். தலையில கை வச்சு செபம் பண்ணுங்க” என்றார். நானும் செபித்து அனுப்பினேன். மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லத் தவறிவிட்டேன். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

2001, ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நற்செய்தியில் கல்லறைகளிடையே வாழ்ந்தவரையும் ஊரார் சங்கிலியால்தான் கட்டிப் பார்த்தார்கள். இயேசுவோ அவருக்கு நலம் தந்து, வீட்டாரிடம் திருப்பி அனுப்பினார்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை முற்றிலும் தடை செய்கிறது. அரசு மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனப் பாதிப்புகளையும் நோய் என்றே ஏற்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது.

இதற்கான தேவை மிகப் பெரிது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மதுப்பழக்க நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேர் சிகிச்சை பெறவில்லை. மாவட்ட மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை கிடைக்க 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் இயங்கி வருகிறது. 2022 அக்டோபரில் டெலி மானஸ் தொடங்கியது. 14416 என்ற எண்ணை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே ஆலோசகரிடம் பேசலாம். தேவைப்பட்டால் மருத்துவமனைக்கும் வழிகாட்டுவார்கள். போதைப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோருக்கான எண் 14446.

குறைகளும் உண்டு. மனநல மருத்துவர்கள் போதுமான அளவில் இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பதும் அரசுதான். மதுக்கடையையும் நடத்திக்கொண்டு மறுவாழ்வுக்கும் திட்டம் தீட்டுவது முரண் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்றிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை வெளியே சொல்கிறோம். மனநோய்க்கான மாத்திரையை ஏன் ஒளித்து வைக்கிறோம்? ‘பைத்தியம்’, ‘குடிகாரன்’ என்று நாம் சூட்டும் பெயருக்கு அஞ்சியே பல குடும்பங்கள் மருத்துவமனை வாசலை மிதிப்பதில்லை. மருத்துவரும் மருந்தும் கடவுள் தந்த கொடை என்றுதான் சீராக்கின் ஞான நூல் நமக்குக் கற்பிக்கிறது.

இந்த வாரம் உங்கள் அன்பியக் கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் எல்லாருக்கும் எழுதிக் கொடுங்கள். துன்புறும் வீடு ஒன்றைச் சந்தியுங்கள். அவர்களோடு செபியுங்கள், துணைக்கு ஆளில்லையென்றால் மருத்துவமனைக்கும் கூடவே போங்கள். அந்தத் தாயிடம் நான் சொல்லத் தவறியதை நீங்களாவது சொல்லுங்கள்.